மாந்தோப்புல கெடக்குற 86 அம்பாசிடர்: இசுசு 1.8 போடலாமா, பழைய இன்ஜினையே எழுப்பலாமா?

மாந்தோப்பு_86:
எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் மாமனார் தோப்புல ஒரு 86 மாடல் அம்பாசிடர் மார்க் 4 பெட்ரோல் வருஷக்கணக்கா நிக்குது. மேல இருந்த ஓடு காத்துல போயிடுச்சு, இப்ப தார்ப்பாய் மட்டும்தான், அதுலயும் பாதி கிழிஞ்சு மாஞ்சருகு எல்லாம் உள்ள. மாமனார் காயலான் கடைக்காரனுக்கு வெலை பேசிட்டாரு, நான்தான் இருங்க மாமான்னு நிறுத்தி வச்சிருக்கேன்.
இன்ஜின் 1489 சிசி, ஜாம். ஹேண்டில் போட்டா அசையவே மாட்டேங்குது. எனக்கு இதை ஷோவுக்கு கொண்டு போற ஆசையெல்லாம் இல்லை, வீட்டுல நாலு பேரு ஏறி கிருஷ்ணகிரியில இருந்து பெங்களூர் ஹைவேல 80ல நிம்மதியா போய் வரணும், அவ்வளவுதான். பட்ஜெட் 1,50,000க்குள்ள. இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் போட்டா பறக்கும்னு ஒருத்தர் சொல்றாரு, பழைய இன்ஜினையே போர் பண்ணு, அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு பெரிய பிஸ்டன் போடுன்னு இன்னொருத்தர். நீங்க சொல்லுங்க.

ஓசூர்_ரெவ்:
ப்ரோ ரெண்டும் வேணாம். மாருதி ஈகோ வேன் இன்ஜின் போடுங்க. 1.2 லிட்டர், 73 பிஎச்பி, பின் சக்கரத்துக்கு ஓடுற அஞ்சு கியர் பாக்ஸ் கூடவே வரும், இடிபட்ட ஈகோ ஓசூர் பெங்களூர் பக்கம் அள்ள அள்ள கிடைக்குது, ஸ்பேர் எந்த ஊர்ல நின்னாலும் கிடைக்கும். எதுக்கு செத்துப்போன கம்பெனி இன்ஜினுக்கு அலையணும்.

கட்டவண்டி:
மாமனார் வண்டியா? அப்ப முதல்ல மாமனாருக்கு சர்வீஸ் பண்ணுங்க தலைவரே, ஆர்சி அவர் பேர்லதான இருக்கும் 😄

ஸ்பானர்_செட்:
தர்மபுரியில எங்க பட்டறை, அப்பா சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன், அவரு அம்பாசிடர்லயே காலத்த ஓட்டுனவரு.
தம்பி, நீ இன்ஜின்ல இருந்து ஆரம்பிக்கிற. வண்டி மண்ணு மேல நின்னுருக்கு. முதல்ல ஒரு பெரிய திருப்புளி எடுத்துக்கிட்டு கீழ படு. நாலு கதவுக்கும் அடியில ஓடுற சில்லு, ஜாக்கி குடுக்குற இடம், பின் சீட்டுக்கு அடியில தகடு, பின்பக்க பட்டா ஸ்பிரிங் வந்து மாட்டுற இடம், இது எல்லாத்தையும் குத்திப் பாரு. டங்குன்னு சத்தம் வந்தா சரி, சொத்துன்னு உள்ள போச்சுன்னா அங்க தகடு இல்ல, பெயிண்ட்டும் பட்டியும்தான் இருக்கு. அம்பாசிடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். இசுசு போட்டாலும் ஈகோ போட்டாலும் அதைத் தாங்குறது அந்தத் தகடுதான். குத்திப் பாத்துட்டு வந்து சொல்லு, அப்புறம் இன்ஜின் பேசலாம்.
அப்புறம் ஜாம் ஆன இன்ஜினுக்கு செல்ஃப் அடிச்சுப் பாக்காத, ரிங் கியர் பல்லு போயிடும். ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டு, டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ஊத்து, அப்படியே ஊற விடு. வத்துனா திருப்பி ஊத்து. அவசரப்பட்டு ஹேண்டில்ல பைப்பு சொருகி நெம்பாத.

ஆர்சி_புக்:
யாருமே பேப்பர் பத்தி பேசலியே. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஆர்சில இருக்குற விவரம் கம்பெனி முதல்ல குடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. ஈகோ இன்ஜின்னா வேற கம்பெனி, வேற சிசி, அதை எந்த ஆபீஸ்லயும் ஏத்த மாட்டாங்க. நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்னா இன்ஜின் நம்பர் ஒத்துப்போகலன்னு இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான்.

ஓசூர்_ரெவ்:
ஊர்ல பாதி ஜீப்பு அப்படித்தான ஓடுது. யாரு பானெட்டத் தொறந்து பாக்கப் போறா.

ஆர்சி_புக்:
பானெட்டை எஃப்சிக்குப் போறப்ப தொறப்பாங்க ப்ரோ. 15 வருஷம் தாண்டுன சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கணும், இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பாக்காம கையெழுத்துப் போட மாட்டாரு. கட்டணம் வேற 2022 ஏப்ரல்ல 600ல இருந்து 5,000 ஆக்குனாங்க, 2025ல 20 வருஷம் தாண்டுன காருக்கு 10,000னு ஆக்கிட்டாங்க. இவ்வளவு காசு கட்டி வண்டியைக் கொண்டு போய் நிறுத்திட்டு நம்பர் தப்புன்னு திரும்பி வர்றதா?
மாந்தோப்பு அண்ணா, உங்க வண்டி 86ங்கறதால இன்னொரு சிக்கல். கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்சது 2004ல, அதனால உங்க ஆர்சி தர்மபுரியில போட்டதா இருக்கும், டிஎன் 29 எல்லாம் வர்றதுக்கு முந்தின மூணு எழுத்து நம்பர். அந்த வண்டி ஆன்லைன்ல ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க. ஏறலன்னா பழைய ஆபீஸ்ல ரெக்கார்டு எடுத்து ஏத்தச் சொல்லணும். இது முடியாம ஸ்பானரைத் தொடாதீங்க.

மாந்தோப்பு_86:
அண்ணா ரெண்டு பேருக்கும் நன்றி. குத்திப் பாத்தேன். டிரைவர் பக்கம் சில்லு நல்லா டங்குங்குது. பின் சீட்டைத் தூக்குனா எலிக் கூடு, பழைய தினத்தந்தி, அதுக்கடியில தகடு ஈரத்துல ஊறி ஊறி பிஸ்கட் கணக்கா ஆயிருக்கு, இடது பக்கம் திருப்புளி கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. பட்டா மாட்டுற இடம் ரெண்டு பக்கமும் கெட்டியா இருக்கு, அங்க பழைய கிரீஸும் மண்ணும் விரக்கடை கனத்துக்கு அப்பிக் கெடந்ததால துரு ஏறல போல. ஆர்சி ஒரிஜினல் மாமனார் பீரோவுல இருக்கு, ஆனா ஆன்லைன்ல நம்பர் போட்டா ஒண்ணும் வரல.
பிளக் ஓட்டைல டீசல் ஊத்தி வச்சிருக்கேன். ரெண்டாவது சிலிண்டர்ல மட்டும் அப்படியே நிக்குது, மத்த மூணும் வத்துது.

ஸ்பானர்_செட்:
பட்டா இடம் கெட்டியா இருந்தா வண்டி பொழைச்சுது. பின் சீட்டுத் தகடு டிங்கரிங்காரன் வெட்டிட்டு புதுசு வச்சுருவான், பெரிய விஷயம் இல்லை, மேல மேல பேட்ச் அடிக்க விடாத, அழுகுனத முழுசா வெட்டச் சொல்லு.
ரெண்டாவதுல நிக்குதுன்னா அங்கதான் ரிங்கு போரோட ஒட்டியிருக்கு. பொறுமையா இரு.

தொப்பூர்_இறக்கம்:
நான் டாக்ஸியா 15 வருஷம் அம்பாசிடர் ஓட்டுனவன், தர்மபுரி சேலம் லைன். ஒண்ணு கேக்குறேன், எல்லாரும் பறக்குறதப் பத்திப் பேசுறீங்க, நிக்கிறதப் பத்தி ஒருத்தர்கூட பேசலியே? மார்க் 4க்கு நாலு சக்கரமும் டிரம் பிரேக்கு. பூஸ்டர் கிடையாது. இருக்குற இன்ஜின் சுமாரா 50 குதிரை, அதுக்கே தொப்பூர் கணவாய் இறங்குறப்ப மூணாவது கியர்ல போட்டு இன்ஜின் புடிமானத்துலதான் இறங்குவோம், பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா பாதி வழியில பெடல் கெட்டியா இருக்கும் ஆனா வண்டி நிக்காது, லைனிங் கருகுற நாத்தம் உள்ள வரும். லாரிக்காரங்க டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விட்டு அந்த இறக்கத்துல எத்தனை வண்டி போயிருக்குன்னு தர்மபுரிக்காரனுக்குச் சொல்லணுமா. இப்ப அதுல 75 குதிரையைப் பூட்டி நாலு பேரை ஏத்துறேன்ங்கறீங்க.
பின்னாடி வந்த அம்பாசிடர்ல முன் சக்கரத்துக்கு டிஸ்க்கும் பூஸ்டரும் வந்துச்சு. அந்த முன்பக்கத்த முதல்ல தேடுங்க. கிடைக்கலன்னா மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஓஸ், லைனிங் எல்லாமே புதுசு, டிரம்மை லேத்துல குடுத்து உருண்டையா எடுத்துட்டு வாங்க. அதுக்கு ஒரு 20,000 ஒதுக்கி வச்சுட்டு மிச்சத்துல இன்ஜின் வாங்குங்க.

கட்டவண்டி:
டாக்ஸி மாமா சொல்றது சரிதான். ஈகோ, இசுசு எல்லாம் போடுறதுக்கு முன்னாடி நிக்கிற மாதிரி ஏதாவது போடுங்கய்யா.

மாந்தோப்பு_86:
சரிங்க மாமா, பிரேக்கு முதல்ல. அதை எழுதி வச்சுக்கிட்டேன்.
ஆனா இசுசு பத்தி யாராவது விவரமா சொல்லுங்களேன். காண்டெஸா இன்ஜின் கியர்பாக்ஸோட 40,000க்குத் தர்றேன்னு பெங்களூர்ல ஒருத்தர் சொல்றாரு. இன்ஜின் 40, மாட்டுற கூலி 15, முடிஞ்சுதுன்னு கணக்குப் போடலாமா?

ஸ்பானர்_செட்:
அப்பா சிரிக்கிறாரு. இது கொஞ்சம் பெருசா வரும், பொறுமையா படி.
இசுசு 1817 சிசி அருமையான இன்ஜின்தான். அம்பாசிடர் பண்ண ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே அவங்களோட காண்டெஸா காருக்கு அதை வச்சு, அப்புறம் தொண்ணூறுகள்ல அம்பாசிடர்லயும் வச்சு 1800 ஐஎஸ்இசட்னு வித்தான். அதனால உக்காரும், அதுல சந்தேகம் இல்லை. ஆனா காண்டெஸால இருந்து எடுத்த இன்ஜின் உன் கையில வந்தா என்ன வரும்? இன்ஜினும் கியர் பாக்ஸும் மட்டும் வரும். மவுண்டிங் பிராக்கெட் அம்பாசிடருக்குப் பொருந்தாது, வெட்டி வெல்டு அடிக்கணும். கியர் பாக்ஸ் நீளம் வேற, அதுக்குக் கீழ தாங்குற கிராஸ் மெம்பர் புதுசா செய்யணும். கியர் பாக்ஸுல இருந்து பின் சக்கரத்துக்குப் போற புரொப்பல்லர் ஷாஃப்ட் உன் வண்டியில ஒரே துண்டு, ஐஎஸ்இசட்ல ரெண்டு துண்டு, நடுவுல சென்டர் பேரிங் தொங்கும், அது தொங்குறதுக்கு உன் வண்டி அடியில இடமே கிடையாது, செய்யணும். ஷாஃப்ட்டை லேத்துல வெட்டிச் சேத்தா பேலன்ஸ் பண்ணியே ஆகணும், இல்லன்னா 60ல கண்ணாடி எல்லாம் நடுங்கும். உன்னுது ஸ்டீயரிங் கியர், அது ஃப்ளோர் கியர், டன்னல்ல ஓட்டை போடணும். ரேடியேட்டர் பத்தாது. சைலன்சர் முன்பைப்பு வேற. ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹீட் மீட்டர் சென்சார் ஒவ்வொண்ணும் 500, 1,000, 2,000ன்னு உருவும். இன்ஜின் 40ன்னா அதைச் சுத்தி இருக்குறது இன்னொரு 60க்கு நிக்கும். எங்க பட்டறைக்கு வந்து பாதியில நின்ன வண்டி எல்லாம் இன்ஜின் கிடைக்காம நிக்கல, இந்தச் சில்லறைலதான் நின்னுச்சு.
அதனால இன்ஜின் வாங்காத. செத்துப்போன 1800 ஐஎஸ்இசட் அம்பாசிடர் ஒண்ணை முழுசா வாங்கு. பாடி அழுகுனதா இருந்தா ரொம்ப நல்லது, வெலை கம்மியா வரும். பிராக்கெட், கிராஸ் மெம்பர், ரெண்டு துண்டு ஷாஃப்ட், சென்டர் பேரிங், ரேடியேட்டர், பெடல், கேபிள், எல்லாம் கம்பெனி அளவுலயே ஒரே வண்டியில இருக்கு. கழட்டுற நட்டு போல்ட்டக்கூட தூக்கிப் போடாம டப்பாவுல போட்டு பேர் எழுதி வை. மிச்சத்தை காயலான் கடைக்குப் போட்டா கொஞ்சம் காசும் திரும்ப வரும்.

ஓசூர்_ரெவ்:
இது நல்ல ஐடியாதான், ஒத்துக்குறேன். ஆனா இசுசுக்கு இப்ப பார்ட்ஸ்? அம்பாசிடரே 2014ல நின்னு போச்சு, பேரையே 80 கோடிக்கு பேஜோவுக்கு வித்துட்டாங்க.

ஸ்பானர்_செட்:
கேஸ்கெட் செட்டு, வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட் இதெல்லாம் சென்னை புதுப்பேட்டை, பெங்களூர் ஜேசி ரோடு பக்கம் தேடுனா கிடைக்குது, நாங்க போன வருஷம்கூட வாங்கிட்டு வந்தோம். பயப்பட வேண்டியது சிலிண்டருக்கு மேல மூடியா உக்காந்திருக்குற ஹெட்டுக்குத்தான். பழைய 1489க்கு ஹெட்டும் வார்ப்பு இரும்பு, சூடானாலும் தாங்கிக்கும், தண்ணி ஊத்தி ஓட்டிட்டு வந்துரலாம். இசுசுக்கு அலுமினிய ஹெட்டு, ஒரு தடவை நல்லா கொதிச்சுதுன்னா வளைஞ்சுரும். வாங்கறப்ப ஆயில் மூடியத் தொறந்து உள்ள வெண்ணெய் மாதிரி வெளுத்து இருக்கான்னு பாரு, இருந்தா தண்ணி ஆயில்ல கலந்திருக்கு, ஹெட்டைக் கழட்டி நேர் சட்டம் வச்சு வளைஞ்சிருக்கான்னு பாக்காம காசு குடுக்காத.

ஆர்சி_புக்:
நான் பேப்பர் ஆளு, திரும்ப அதுக்கே வர்றேன். முழு வண்டி வாங்குறதுல இன்னொரு லாபம், அந்த வண்டி ஆர்சியும் கூடவே வரும். இன்ஜின் திருட்டுப் பொருள் இல்லைன்னு காட்ட அதுதான் ஆதாரம். தனி இன்ஜின் வாங்குனா ஒரு துண்டுச் சீட்டுல பில்லு எழுதிக் குடுப்பான், இன்ஜின் நம்பரைக்கூட சரியா எழுத மாட்டான். வண்டியை உடைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஆர்சியை முறைப்படி ரத்து பண்ணி அந்தக் காகிதத்தை வச்சுக்கங்க.
ஆனா ஒரே கம்பெனி இன்ஜின்ங்கறதால தானா ஓகே ஆயிரும்னு நினைக்காதீங்க. 1489 இருந்த இடத்துல 1817 வருது, அது ஸ்பெசிஃபிகேஷன் மாறுறதுதான். ஈகோவை விட பேசுறதுக்கு உங்க பக்கம் வலு ஜாஸ்தி, அவ்வளவுதான். முன்கூட்டியே எழுத்துல விண்ணப்பம் குடுத்து எழுத்துல பதில் வாங்கிட்டு அப்புறம் கழட்டுங்க. முடியாதுன்னு எழுதிக் குடுத்தா அதோட விட்டுருங்க, 1489ஐயே பண்ணுங்க.

தொப்பூர்_இறக்கம்:
இன்னொரு கோணம். 86னா 2036ல அந்த வண்டிக்கு 50 வயசு. 2021ல விண்டேஜ் வண்டிக்குன்னு தனி ரூல் போட்டாங்களே, அதுல இன்ஜின், பாடி எல்லாம் பெருசா மாத்தாத வண்டிக்குத்தான் விண்டேஜ் நம்பர். ஒரிஜினலா வச்சிருந்தா உங்க பசங்க காலத்துல அதுக்கு ஒரு மதிப்பு.

மாந்தோப்பு_86:
மாமா என் பொண்ணு இப்பவே வண்டியில ஏசி இருக்கான்னு கேக்குறா, விண்டேஜ் எல்லாம் அவளுக்கு எங்க புரியப் போகுது 😀

கட்டவண்டி:
ஏசிக்குப் பதிலா முன் கதவுல இருக்குற முக்கோணக் கண்ணாடியத் தொறந்து விடச் சொல்லுங்க. காத்து பிச்சுக்கிட்டு வரும்.

மாந்தோப்பு_86:
அப்டேட். இன்ஜின் அசைஞ்சுருச்சு!! வாரக்கணக்கா ஊறுனதுக்கப்புறம் காலையில ஹேண்டிலைப் போட்டு லேசா முன்ன பின்ன ஆட்டிக்கிட்டே இருந்தேன், ஒரு விரக்கடை நகந்துச்சு, உள்ள க்ரக்னு ஒரு சத்தம், திரும்ப பின்னாடி, திரும்ப முன்னாடி, அப்படியே கால் சுத்து, அரை சுத்துன்னு வந்து கடைசியில முழு சுத்து சுத்திருச்சு. பிளக் ஓட்டை வழியா காபி கலர்ல தண்ணி பீச்சி அடிச்சு சட்டையெல்லாம் போச்சு. மாமனார் அதுவரைக்கும் திண்ணையில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தவரு எந்திரிச்சு வந்து ஹேண்டிலை வாங்கி அவரே ரெண்டு சுத்து சுத்துனாரு.
கம்ப்ரஷன் மீட்டர் வச்சுப் பாத்ததுல 1, 3, 4 மூணும் 110க்கு மேல வருது, ரெண்டாவது மட்டும் 60.

ஸ்பானர்_செட்:
அடிச்சான் பாரு! அந்த ரெண்டாவது ஓட்டைல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப மீட்டர் வை. ஏறுச்சுன்னா ரிங்கு, ஏறலன்னா வால்வு.

மாந்தோப்பு_86:
வச்சேன். 95க்கு ஏறுது.

ஸ்பானர்_செட்:
அப்ப ரிங்குதான், போர்ல அந்த இடத்துல துரு கோடு விழுந்திருக்கும். ஹெட்டையும் சம்ப்பையும் கழட்டி ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங்கு, மெயின் பேரிங், கான்ராட் பேரிங், கிராங்க் பாலிஷ் எல்லாம் சேத்து லேத்துக் கூலியோட 35,000ல இருந்து 45,000க்குள்ள முடிஞ்சுரும். அதே ஷாஃப்ட், அதே கியர் பாக்ஸ், அதே மவுண்டிங், அதே இன்ஜின் நம்பர். மேல போய் பாரு, இசுசுக்கு நான் சொன்ன கணக்கு 1,00,000. அப்பா சொல்றாரு, பணம் கம்மியா இருக்குறவன் இன்ஜின் மாத்தக்கூடாது, இருக்குறத போர் பண்ணணும், மாத்துறது காசு இருக்குறவன் வேலைன்னு.

ஓசூர்_ரெவ்:
ஆனா அண்ணா கேட்டது 80ல நாலு பேரோட ஹைவே. சூளகிரி ஏத்தத்துல 1489 மூச்சு வாங்காதா? நாலு கியர்தான வேற.

தொப்பூர்_இறக்கம்:
தம்பி, நல்லா போர் பண்ணி ட்யூனிங் வச்ச 1489ல நான் ஆறு பேரோட ஓட்டிருக்கேன். சமதரையில 70, 75ல நாள் பூரா போகும். 80ல போகும் ஆனா சத்தம் காதப் பொளக்கும். சூளகிரி ஏத்தத்துல மூணாவதுல 50ல ஏறும், பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிப்பான், அடிச்சுட்டுப் போகட்டும், இடது பக்கம் போங்க. அஞ்சாவது கியர் இருந்தா நிம்மதிதான், அதை இல்லைன்னு சொல்லல.

மாந்தோப்பு_86:
வீட்டுல பேசிட்டோம். இப்ப இருக்குற காசுல தகடு வேலை, பிரேக்கு, அப்புறம் 1489 போர். ஆர்டிஓ ஆபீஸ்ல போய் விசாரிச்சேன், பழைய ரெக்கார்டு எடுத்து ஆன்லைன்ல ஏத்த மனு குடுத்தாச்சு, இன்ஜின் மாத்துறதப் பத்திக் கேட்டதுக்கு எழுதிக் குடுங்க பாக்கலாம்னுதான் சொன்னாங்க, நான் இப்போதைக்கு எழுதிக் குடுக்கல. நடுவுல எங்கயாவது முழு ஐஎஸ்இசட் பேப்பரோட வெலைக்கு வந்தா வாங்கி தோப்புல நிறுத்திக்கிறேன், அது அப்புறம்.
அடுத்த ஞாயித்துக்கிழமை இன்ஜினை வெளிய எடுக்கணும். தோப்புல பெரிய மாமரம் ஒண்ணு வண்டிக்கு நேரா கொம்பு நீட்டிக்கிட்டு நிக்குது, அதுல செயின் பிளாக் கட்டித் தூக்கலாமான்னு பாக்குறேன்.

ஸ்பானர்_செட்:
வேணவே வேணாம். மாங்கொம்பு சொல்லாம கொள்ளாம முறியும், பாத்தா கெட்டியாத்தான் தெரியும். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேந்து ரெண்டு மூட்டை நெல்லுக்கு மேல கனம், கீழ உன் கை இருக்கும். மூணு இரும்பு பைப்பை முக்காலி கட்டித் தூக்கு. எங்ககிட்ட பைப்பும் செயின் பிளாக்கும் இருக்கு, டாடா ஏஸ்ல போட்டு எடுத்துட்டு வர்றோம். ரேடியேட்டர், பானெட்டு, சைலன்சர் முன்பைப்பு, ஒயரிங் எல்லாம் சனிக்கிழமையே கழட்டி வச்சுரு. ஷாஃப்ட்டைக் கழட்டறதுக்கு முன்ன, அதோட பின்பக்க ஃபிளாஞ்சுல ஒரு கோடு போட்டு வை, திரும்ப அதே பக்கம் மாட்டணும்.

தொப்பூர்_இறக்கம்:
நானும் வர்றேன். பிரேக் டிரம் நாலையும் அன்னைக்கே கழட்டிரலாம், லேத்துக்கு ஒரே நடையா போயிரும். டிரம் உள்பக்கம் ஏற்கெனவே கடைசல் போட்டு மெலிஞ்சு போயிருந்தா திரும்பக் கடைய விடாதீங்க, வேற தேடணும்.

கட்டவண்டி:
மதியம் சாப்பாடு மாமனார் வீட்டுலயா? அப்ப நானும் வர்றேன், ஸ்பானர் எடுத்துக் குடுக்க ஆள் வேணும்ல.

மாந்தோப்பு_86:
எல்லாரும் வாங்க, நாட்டுக்கோழி அடிச்சுரலாம்னு மாமனாரே சொல்லிட்டாரு. ஸ்பானர் அண்ணா, மவுண்டிங் ரப்பர் ரெண்டும் வெடிச்சிருக்கு, வர்றப்ப புதுசு ஒரு ஜோடி வாங்கிட்டு வந்துருங்க, பில்லு குடுத்துடறேன்.

ஸ்பானர்_செட்:
சரி தம்பி. கியர் பாக்ஸ் பக்கத்து ரப்பரையும் பாத்துச் சொல்லு, அதுவும் போயிருந்தா சேத்து வாங்கிடறேன்.